மூன்றாவது இலக்கம்

...பத்து நொடிகூட ஆகாது, மடிக்கணினியைத் திறந்து அந்த எட்டு இலக்கத்தைத் தட்டி ஓடவிட்டால் தெரிந்துவிடும், முதலில் வந்த பட்டியலில் தும்பைக்காடு என்கிற ஊர் இருந்ததா இல்லையா, அவ்வளவுதான், பதினாலு மாதமாகச் செய்யாத அந்தப் பத்து நொடி வேலையை இந்தக் குலுங்குகிற பஸ்ஸிலா செய்துவிடப் போகிறோம் என்று பூபாலன் பையை மடியில் இன்னும் இறுக்கிக்கொண்டான். கணியம்பாடியில் ஏறும்போது ஜன்னலோர இடம் கிடைத்திருந்தது, அமிர்தி தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் காற்று சில்லிட்டது, ஆனாலும் சட்டைக்குள் வேர்த்துக்கொண்டேயிருந்தது... அவன் செய்தால் என்ன, செய்யாவிட்டால் என்ன, பதினொரு மணிக்கு ஜமுனாமரத்தூர் ஆபீசில், ஆராய்ச்சியைச் சரிபார்க்கிற சகிலா மேடம் அதைத்தான் செய்யப்போகிறார். பதிவேட்டில் இருக்கிற எண்ணை எடுத்து, இவன் எழுதிய நிரலில் போட்டு, அறிவித்த பட்டியல் அப்படியே வருகிறதா என்று பார்ப்பார். வராது. வராது என்று தெரிந்த ஒரே ஆள் இந்த பஸ்ஸில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, பக்கத்து சீட்டுக்காரன் பலாப்பழ மூட்டையில் கால் படாமல் மடக்கி வைத்துக்கொண்டிருக்கிறான். மாட்டிக்கொள்வோமோ என்பதா பயம், இல்லை தும்பைக்காடு அந்தப் பட்டியலில் இருந்துவிடுமோ என்பதா... இரண்டும் ஒரே பயம்தான் என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டான், இரண்டும் ஒன்றில்லை.

எட்டு ஊர், நாலு பைக். பக்கத்தில் படுக்கை கட்டிய ஆம்புலன்ஸ் பைக், ஜீப் நுழையாத பாதையிலும் போகும், பிரசவ வலி வந்தவளை டோலி கட்டித் தூக்காமல் ரோட்டுக்குக் கொண்டுவந்துவிடும். பைக் நிற்கிற ஊருக்கும் நிற்காத ஊருக்கும் ஒரு வருஷத்தில் என்ன வித்தியாசம் என்று எண்ணிக்கையில் காட்டினால்தான் பிறகு எல்லா ஊருக்கும் கொடுப்பார்கள், ஆராய்ச்சி என்றால் அப்படித்தான். எந்த நாலு ஊர் என்பதை மனுஷன் முடிவு பண்ணினால் சொந்தக்காரன் ஊருக்குப் போய்விடும், அதனால் கம்ப்யூட்டர் முடிவு பண்ணும், இதை மைக்கில் சொன்னதும் இவன்தான், மலையிலேயே பிறந்து புள்ளியியல் படித்த முதல் ஆள் என்று மாலைகூடப் போட்டார்கள். கம்ப்யூட்டருக்கு உண்மையில் குலுக்கிப்போடத் தெரியாது, குலுக்குகிற மாதிரி நடிக்கும், ஒரு தொடக்க எண்ணைக் கொடுத்தால் அதைப் பெருக்கி, வெட்டி, புரட்டி வரிசையாகத் துப்பும், பார்த்தால் தலையும் இல்லாமல் வாலும் இல்லாமல் இருக்கும், ஆனால் அதே தொடக்க எண்ணை நாளைக்குக் கொடுத்தாலும் பத்து வருஷம் கழித்துக் கொடுத்தாலும் அதே வரிசை, ஒரு புள்ளி பிசகாது. அந்தத் தொடக்க எண்ணை ஊர்க்காரங்களே கொடுக்கட்டும் என்று யோசனை சொன்னதும் இவன்தானே... ஊருக்கு ஒரு ஆள், சாமை அளக்கிற வள்ளத்துக்குள் எண் எழுதிய மரக்கட்டை, கண்ணை மூடிக் கைவிட்டு ஒன்று எடு, எண்ணைச் சொல்லிவிட்டுத் திரும்பப் போடு. ஐந்து, பூஜ்யம், ஏழு, மூன்று, ஒன்று, ஒன்பது, ஆறு, நான்கு. எல்லோரும் பார்க்கப் பதிவேட்டில் எழுதி, கையெழுத்தும் கைநாட்டும் வாங்கி... ஒரு இலக்கம் மாறினாலும் முடிவு மொத்தமும் மாறிடும்ங்க, அதனால உங்க ஒவ்வொருத்தர் கையிலயும்தான் இருக்குது என்று வேறு சொன்னான். கை தட்டினார்கள். அந்த வாக்கியத்தை யார் கேட்டது அவனை?

மூன்றாவதாக ஏழு எடுத்தது தும்பைக்காட்டு மணியம்மாள்.

சாப்பாட்டு நேரம் அது, கூடத்தில் எலுமிச்சை சாதம் பரிமாறிக்கொண்டிருந்தார்கள், இவன் மட்டும் பிளக் இருக்கிற பக்கத்து அறையில், ஆபீஸின் பழைய லேப்டாப்பில். ஓட்டினான், நாலு ஊர்ப் பேர் வந்தது, கண் ஒரே ஒரு பேரைத்தான் தேடியது, கடுக்காமரத்தூர், அவன் ஊர், இல்லை. வந்த நாலு பேரும் என்னவென்று கண்ணில் ஏறவேயில்லை, காணாமல்போன ஆட்டைத் தேடுகிறவனுக்குக் காடா தெரியும்... தங்கச்சி செவ்வந்திக்கு அப்போது ஏழு மாசம். அம்மாவைப் போர்வையில் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கினபோது அவனுக்குப் பன்னிரண்டு வயசு, தண்ணீர் பாட்டிலோடு பின்னால் ஓடினான், உச்சி வெயில், அப்பாவும் இன்னும் மூன்று பேரும் தோள் மாற்றி மாற்றி, பாதி வழியில் யாரோ இறக்குங்கடா என்றார்கள், இறக்கினார்கள், அப்புறம் யாரும் தூக்கவில்லை, கொஞ்ச நேரம் எல்லோரும் பீடி பற்றவைத்தார்கள், அந்தத் தண்ணீரை அவனே குடித்தான், வெயிலில் சுட்டுப்போயிருந்தது, பிளாஸ்டிக் வாசனை. திரையை மூடினான். கடைசி நாலை அழித்து ஐந்து போட்டான். மலையில் பூக் கேட்பார்கள், வெள்ளை அரளியும் சிவப்பு அரளியும் தனித்தனி இலையில் மடித்துப் போட்டு, சாமி முன்னால் ஒன்று எடுப்பார்கள், நினைத்தது வராவிட்டால் கை கால் கழுவிக்கொண்டு வந்து இன்னொரு தடவை கேட்பார்கள், அதிலும் வராவிட்டால் மூன்றாம் தடவை, சாமி கோவிச்சுக்காது, அதைப் பொய் என்று யாரும் சொன்னதில்லை, அப்பா அப்படிக் கேட்டுத்தான் கொடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்கே போனார். இரண்டாவது தடவையில் கடுக்காமரத்தூர் வந்தது. பேப்பரில் எழுதினான். நிரலில் ஐந்தைத் திரும்ப நாலாக்கிவைத்தான். வெளியே வந்து வாசித்தான். உண்மையிலேயே கைகூடக் கழுவவில்லை.

மேல்சிலம்பு வளைவில் பஸ் நின்றபோது கூடையோடு ஏறியவளைப் பார்த்ததும் பூபாலன் சட்டென்று செல்போனை எடுத்துக் குனிந்துகொண்டான், குனிந்து என்ன, இருக்கிற ஒரே இடம் அவன் பக்கத்தில், பலாப்பழக்காரன் முந்தின நிறுத்தத்தில்தான் இறங்கியிருந்தான். "இன்னா மருமவனே, தலயத் தொங்கப் போட்டுனு கீற, உன்னியும் விசாரிக்கக் கூப்ட்டாங்களா?" என்று மணியம்மாள் கூடையைக் காலடியில் நெட்டித் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள், சிரித்தாள்கூட, வெற்றிலைக் கறை. விசாரணையெல்லாம் இல்லை அத்தை, சரிபார்க்கிறது, அவ்வளவுதான் என்றான். பதிவேட்டில் கைநாட்டு வைத்தவர்களில் யாராவது ஒருவர் சாட்சிக்கு வரவேண்டும் என்று மேடம் சொல்லியனுப்பியது அவனுக்குத் தெரியும், எட்டுப் பேரில் ஒருவர், ஏழு பேர் விதைப்பு வேலை என்று கழன்றுகொண்டிருப்பார்கள், இவள்தான் வருவாள் என்று ஏன் தோன்றவில்லை, விதைப்புக்குப் போகாதவள் இவள் ஒருத்திதானே. கண்டக்டர் பெண்களுக்கான இலவசச் சீட்டைக் கிழித்து நீட்டினார். அவள் இடது கையை நீட்டினாள். "இன்னா ஆயா, காலங்காத்தால பீச்சாங்கையால வாங்குற? வண்டி மலையேற வேணாமா?" கண்டக்டர் பாதி விளையாட்டாகத்தான் கேட்டார், முன் சீட்டில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "சோத்துக் கையால வாங்குனாதான் நைனா உன் வண்டி பள்ளத்துல பூடும்," என்றாள் அவள், அதையும் சிரித்துக்கொண்டேதான், வலது கை முந்தானைக்குள் சுருட்டியபடியே இருந்தது.

உண்ணாமலை செத்துப் பதினொரு மாசம். மணியம்மாளின் ஒரே மகள், பிள்ளை பிறந்தபிறகு ரத்தம் நிற்கவில்லை, ஊரில் பைக் இல்லை, டோலி கட்டி நாலு கிலோமீட்டர், ரோடு தெரிகிற இடம்வரைக்கும் பேசிக்கொண்டு வந்தாளாம், தண்ணி தண்ணி என்றாளாம்... அந்தத் தகவல் எண்ணாகத்தான் அவன் மேஜைக்கு வந்தது, ஊர் மூன்று, தாய் இறப்பு ஒன்று, பைக் இல்லாத பிரிவு. கட்டத்தில் ஒன்று என்று தட்டினான், அதற்கு முந்தைய மாதம் இதே கையால் கடுக்காமரத்தூருக்கு, சுகப் பிரசவம் ஒன்று, பைக்கில் வந்தது, செவ்வந்தி. அவள் பையனுக்கு இப்போது ஒரு வயசு. போனபோதெல்லாம் அவனைத் தூக்கி இவன் மடியில் போட்டு, "உங்கம்மா பெத்தது பாதி, மாமனோட கம்ப்யூட்டர் பெத்தது பாதி" என்று சிரிப்பாள், பையன் கன்னத்தைக் கடிப்பான், ரெண்டே பல். அந்தப் பையன் இல்லாத ஒரு உலகத்துக்கு நாலு என்று முடிகிற எண் இருக்கிறது. உண்ணாமலை இருக்கிற உலகமும் அதுவா? ஏழில் நாலு. முதல் பட்டியலில் கடுக்காமரத்தூர் இல்லை, அப்படியென்றால் மிச்சம் ஏழு ஊரில் நாலு அதில் இருந்தன, தும்பைக்காடு அந்த நாலில் ஒன்றாக இருக்க ஏழில் நாலு, இல்லாமலிருக்க ஏழில் மூன்று. பதினாலு மாதமாக அந்த ஏழில் மூன்றைத் தின்றுதான் உயிரோடிருக்கிறான், ஏழில் மூன்று பங்கு நிரபராதி. ஓட்டிப் பார்த்தால் ஒன்று முழுசாகக் கிடைக்கும், இல்லை முழுசாகப் போகும். அதனால்தான் ஓட்டவில்லை.

"ஒன்னு கேக்கணும் தம்பி," மணியம்மாளின் குரல் இப்போது இறங்கியிருந்தது, மருமவன் தம்பியாகிவிட்டான், "அந்தக் கம்ப்யூட்டரு நாங்க எட்டுப் பேரு எடுத்த நம்பர வெச்சிதான சொல்லிச்சி?" ஆமா அத்தை. "ஒரு நம்பரு மாறுனாலும் எல்லாம் மாறிடும்னு நீதான மைக்குல சொன்ன?" பஸ் வளைவில் திரும்பியது, எதிரே வந்த வேனுக்கு வழிவிட்டுப் பின்னால் நகர்ந்தது, பள்ளத்துப் பக்கம் சக்கரம் போகிறதா என்று எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள், இவன் பார்க்கவில்லை, போனால் போகட்டும். ஆமா அத்தை, சொன்னேன். "வள்ளத்துக்குள்ள மொதல்ல கெடச்ச கட்டைய நானு உட்டுட்டேன்பா. சின்னதா கீதேன்னு அத உட்டுட்டு அடியில வெரல உட்டு வேற ஒன்னு எடுத்தேன், அதுதான் ஏழு." அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "அத உடாம எடுத்திருந்தா எங்க ஊருக்கு வண்டி வந்துருக்கும். நானே எம்பொண்ண... இந்தக் கையால நானு வெதக்கிறதில்ல. பேத்திக்கி ஒரு வாய்கூட ஊட்னதில்ல, பீச்சாங்கையாலதான் ஊட்டுறேன், அதுக்குத் தெரியுமா, அது பாட்டுக்கு வாயத் தொறக்குது." பூபாலன் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்தான், நிறுத்தச் சொல்லி இறங்கிவிடலாமா, இறங்கி எங்கே போவது, இந்த மலையில் எந்தப் பக்கம் இறங்கினாலும் எட்டு ஊரில் ஒன்றுக்குத்தான் பாதை போகும். உன் கை இல்ல அத்தை, என்றான். சொல்லிவிட்டானா, நினைத்தானா என்று ஒரு கணம் சந்தேகமாக இருந்தது, அவள் திரும்பியதும்தான் சொல்லிவிட்டது தெரிந்தது. மஞ்சள் பூத்த கண், அழுத கண் இல்லை, வெறுமனே கேட்கிற கண். "பின்ன யாரு கை?" என்றாள். கண்டக்டர் விசில் ஊதினார். அப்படியெல்லாம் இல்ல அத்தை, அது கணக்கு, யார் கையும் இல்ல என்று ஏதோ முனகினான். ஆபீசில் பேசுகிற பேச்சு அது.

ஆபீசில் சகிலா மேடம் அவனுக்கு முன்னாலேயே வந்திருந்தார், வாணியம்பாடியிலிருந்து முதல் பஸ்ஸுக்கே கிளம்பியிருக்க வேண்டும், மேஜையில் பிளாஸ்க், பதிவேடு, புது மடிக்கணினி. குலுக்கல் நடந்தபோது மேடம் இந்த வேலையில் சேரவேயில்லை, இதற்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, அதுதான் பயம், சம்பந்தமில்லாதவர் கண்ணுக்கு எல்லாம் தெரியும். மணியம்மாளை நாற்காலியில் உட்காரச் சொன்னார், அவள் சுவரோரமாக நின்றுகொண்டாள். மேடம் பதிவேட்டைப் பார்த்து ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லிக்கொண்டே தட்டினார், ஐந்து, பூஜ்யம், ஏழு... ஏழு என்றதும் சுவரோரம் சேலை அசைந்தது. மூன்று, ஒன்று, ஒன்பது, ஆறு, நான்கு. கண்ணை மூடிக்கொள்ளலாமா என்று நினைத்தான், மூடாமலேயே இருந்தான், விசைதட்டும் சத்தம், பத்து நொடிகூட ஆகவில்லை, ஒரு நொடி. தும்பைக்காடு. முதல் பேரே தும்பைக்காடு. இத்தனை நாளில் எத்தனையோ விதமாக நினைத்துப் பார்த்திருந்தான், காது அடைக்கும், கால் துவளும், ஓ என்று வரும் என்றெல்லாம், ஒன்றும் வரவில்லை, பக்கத்துக் கடையில் யாரோ தேங்காய் உடைத்தார்கள், பிளாஸ்க் மூடியில் ஒரு எறும்பு சுற்றிச் சுற்றி வந்தது, ஏழில் மூன்று பூஜ்யமாயிற்று, அவ்வளவுதான், ஏழு நல்ல எண், அவள் கை அடியில் போய்த் தேடி எடுத்தது நல்ல எண்.

மேடம் இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு பேராக விரலால் தொட்டுப் பார்த்தார். "பூபாலன், இது ஒத்து வரலியே." பழைய லேப்டாப் மேடம், என்று அவன் வாய் சொன்னது, வாய்தான், அவன் எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தான், பழைய வெர்ஷன், அப்ப சாம்பிள் எடுக்கிற முறையே வேற, இப்ப மாத்திட்டாங்க, அதே நம்பருக்கு வேற வரும். அது பாதி உண்மை. மென்பொருளில் அப்படி ஒரு மாற்றம் உண்மையிலேயே நடந்திருந்தது, ஆனால் குலுக்கலுக்கு முன்னாலேயே, அந்தப் பழைய லேப்டாப்பில் இருந்ததும் புது முறைதான், எவனோ எந்த நாட்டிலோ எதையோ சரிசெய்ய மாற்றியது, ஒரு வருஷமாக அதை நெஞ்சில் பத்திரமாக வைத்திருந்தான். மேடம் தலையாட்டினார். "பழைய முறையில ஓட்டச் சொல்லி ஒரு வரி சேத்தா போதும், பழைய லிஸ்ட் வரணும். சேக்கட்டுமா?" அவர் விரல் விசைப்பலகை மேல்தான் இருந்தது, ஆனால் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் சந்தேகமா, களைப்பா... நாலு பைக்கை எட்டாக்குகிற அறிக்கை இந்த வெள்ளிக்கிழமை போகவேண்டும், குலுக்கல் தப்பு என்றால் ஒரு வருஷ வேலையும் குப்பை, நாலு ஊருக்கு இன்னொரு வருஷம் டோலி, அவருக்கும் தெரியும், இவனுக்கும் தெரியும். சேருங்க என்று சொல்ல நாலு எழுத்து, வேண்டாம் என்று சொல்லவும் நாலு எழுத்து, இரண்டும் வரவில்லை. மேடம் விரலை எடுத்துவிட்டார். "சரி, விடுங்க. வெர்ஷன் மாறினதுன்னு ஒரு குறிப்பு எழுதிடலாம். அந்தம்மாகிட்ட கைநாட்டு வாங்குங்க."

மாட்டிக்கொள்ளவில்லை. இப்படித்தான் இருக்குமா அது, மாட்டிக்கொள்ளாமல் போவது... மை அட்டையைத் திறந்தான், காய்ந்திருந்தது, ரெண்டு சொட்டுத் தண்ணீர் விட்டான். "சரியா வந்துச்சா தம்பி?" என்று கேட்டபடி மணியம்மாள் மேஜைக்கு வந்து இடது கையை நீட்டினாள். பெண்களுக்கு வலது பெருவிரல்ம்மா என்றார் மேடம், தலையைத் தூக்காமல். "இது வாணாம்மா, இது ராசியில்லாத கை, உங்க காயிதம் கெட்டுப் பூடும்." மேடம் நிமிர்ந்து பூபாலனைப் பார்த்தார், என்ன சொல்கிறாள் என்கிற மாதிரி. ரூல் அப்படிம்மா, ஒன்னும் ஆவாது, வைங்க என்று மேடமே சொன்னார். முந்தானை மெதுவாக அவிழ்ந்தது, வெயில் படாத கை என்று சொல்லமாட்டார்கள், ஆனால் மற்ற கையைவிட வெளுத்திருந்தது, நகம் வளர்ந்திருந்தது, வேலை செய்யாத கையின் நகம். பூபாலன் அந்தப் பெருவிரலைப் பிடித்து மையில் உருட்டி, பேப்பரில் அழுத்தினான். தீற்றலாக விழுந்தது, ரேகையே இல்லை, முப்பது வருஷம் கதிர் அறுத்தும் கல் தூக்கியும் தேய்ந்த விரல், ரேஷன் மெஷின்கூட ஏற்றுக்கொள்ளாத விரல். "விழல. இன்னொரு தடவ எடுங்க பூபாலன்," என்றார் மேடம். "நான்தான் சொன்னனே," என்று மணியம்மாள் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். அவன் விடவில்லை. ஏன் விடவில்லை என்று தெரியவில்லை, விரல் அவன் கைக்குள் சில்லென்று இருந்தது, போர்வையை இறக்கியபிறகு அம்மாவின் கால் இப்படித்தான் இருந்தது. அத்தை, என்றான். உன் கை நல்ல கை அத்தை என்று சொல்லவேண்டும், அது மட்டும், ஒரே ஒரு வாக்கியம், அதோடு நிறுத்திக்கொள்ளலாம், அவள் விதைப்பாள், பேத்திக்கு ஊட்டுவாள். ஆனால் அந்த வாக்கியத்துக்கு அடுத்து அவள் என்ன கேட்பாள் என்பது அவனுக்குத் தெரியும், பஸ்ஸிலேயே கேட்டுவிட்டாள். "இன்னா தம்பி?" என்றாள் மணியம்மாள், நிமிர்ந்து. அவள் விரலைப் பிடித்திருந்த தன் கையைப் பார்த்தான், மை அவன் விரலிலும் ஏறியிருந்தது, அதில் ரேகை ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரிந்தது.